சீட்டில் ஏழாவது பெயர்

என் கணவர் இறந்து பதினோரு வாரம் கழித்து நான் அவரை லீக்கில் சேர்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. 1986 ஆகஸ்ட், சமையலறை மேசை, டைப்ரைட்டரில் நடுவே கார்பன் வைத்த மூன்று தாள். பன்னிரண்டு பப், பப்புக்கு ஏழு ஆட்டக்காரர்கள். வருடா வருடம் ஆகஸ்ட் வந்தால் அடிக்கிற பட்டியல்தான். போன வருடத் தாளை இடது பக்கம் வைத்துக்கொண்டு, விலகியவர் பெயரை எடுத்து வந்தவர் பெயரைப் போட்டுக்கொண்டே போவேன். மற்ற பதினோரு பப்பிலும் ஒரு தப்பு இல்லை. எங்கள் வீவர்ஸ் பப்புக்கு வந்தபோது என் விரல்கள் யாரையும் கேட்கவில்லை. ரெஜ் என்று ஆரம்பித்து, ஏழாவதாக கிளிஃப் ஹார்கிரீவ்ஸ் என்று முடித்துவிட்டு டீ போட எழுந்து போனேன். இரண்டு கோப்பை டீ போட்டேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு நன்றாக இருக்கும். ஒன்றுதான் போட்டேன். அவர் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும், விரல்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் அச்சகத்திலிருந்து லீக் புத்தகம் வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் பச்சை அட்டைப் புத்தகம். எந்தச் செவ்வாய்க்கிழமை எந்தப் பப்பில் யாரோடு யார், ரூல்கள், ஆட்டக்காரர் பெயர்கள், எல்லாம் அதில் இருக்கும். நூற்றைம்பது படிகளும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ரெஜ் போன் செய்தான். ரெஜ் வீவர்ஸ் அணியின் கேப்டன். தபால்காரன். கிளிஃபும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"புக்கு வந்துச்சு, பெரில்."

"வந்துச்சா, சரி."

"பதினோராம் பக்கம் பாத்தியாம்மா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே பார்த்தேன். வீவர்ஸ் பட்டியலில் ஏழாவதாகக் கிளிஃப் பெயர். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்பு எல்லாம் கேட்டேன். திருத்தக் கடிதம் அடித்து எல்லாக் கேப்டன்களுக்கும் நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"ஒண்ணும் அனுப்ப வேணாம். இருக்கட்டும்," என்றான்.

"என்னத்த இருக்கட்டும்? ஆள் இல்லாத பேரு, ரெஜ்."

"எங்ககிட்ட இருக்கறதே ஆறு பேரு. ஏழாவது ஆளுக்கு நான் எங்க போறது? எப்படியும் வாரத்துக்கு ஒரு ஆட்டம் போகத்தான் போகுது. வெறும் கோடு போட்டு விடறதுக்கு அவன் பேர்ல போனா என்ன கெட்டுப்போச்சு?"

நான் லீக்கின் செகரட்டரி. அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கடிதம் அடிக்கத் தாளைச் செருகினேன், வேறு வேலை வந்துவிட்டதென்று எழுந்துவிட்டேன். அந்தத் தாள் இரண்டு நாள் டைப்ரைட்டரிலேயே இருந்தது, பிறகு அதில் மளிகைப் பட்டியல் அடித்தேன்.

எட்டுப்பந்து ஆட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பில்லியர்ட்ஸ் குடும்பத்தில் கடைக்குட்டி அது. பப்பின் மூலையில் காசு போட்டு ஆடுகிற சின்ன மேசை, ஆறு குழி. ஏழு சிவப்பு, ஏழு மஞ்சள், அப்புறம் ஒரு கறுப்பு. வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, உன் நிறத்துப் பந்து ஏழையும் குழியில் தள்ளிவிட்டு, எட்டாவதாகக் கறுப்பைத் தள்ளினால் நீ ஜெயித்தாய். குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் போட்ட சண்டைகளை எழுதினால் ஒரு அலமாரி நிறையும்.

லீக்கை ஆரம்பித்தது கிளிஃபும் நோரிஸும். 1971. கிளிஃப் ரோச்டேல் சாலையில் பஸ் ஓட்டினார், நோரிஸ் அதே பஸ்ஸில் கண்டக்டர். கடைசி நிறுத்தத்தில் வண்டி பத்து நிமிடம் நிற்கும், அந்தப் பத்து நிமிடங்களில் போட்ட திட்டம். எந்தப் பப்பில் மேசை இருக்கிறதென்று பஸ் ஜன்னல் வழியாகவே கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். பிரச்சினை என்னவென்றால் பப்புக்குப் பப்பு ரூல் வேறு. ஒரு இடத்தில் தப்பாக அடித்தால் எதிராளிக்கு ஓர் அடி கூடுதல், இன்னொரு இடத்தில் இரண்டு அடி, ரெயில்வே பப்பில் மூக்கில் ஒரு குத்து. எல்லாருக்கும் பொதுவாக ஒரு ரூல் புத்தகம் வேண்டும் என்றார் கிளிஃப். நான் ஆலை ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அப்புறம் என்ன, தலையில் விழுந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொன்னார், நான் அடித்தேன். மொத்தம் இருபத்திரண்டு ரூல். வாக்கியத்தை முடிக்கத் தெரியாத மனுஷன், முடித்து முடித்துக் கொடுத்தது நான்தான்.

அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பாதிப் பப்புகளில் கழிவறை கொல்லையில் இருந்தது. சிகரெட் புகையில் என் கோட்டு வியாழக்கிழமை வரை நாறும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை என்றால் ஊரே ஒரு தினுசாக இருக்கும். ஏழு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் கோல் பையோடு நிற்பார்கள், குளித்துத் தலைவாரி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. வருகிற அணிக்குச் சாப்பாடு போடுவது எங்கள் லீக்கில் கட்டாயம், அது எந்த ரூலிலும் கிடையாது, ஆனால் இருபத்திரண்டு ரூலையும்விடக் கட்டாயம். ரெயில்வேயில் கறுப்புப் பட்டாணியை வேகவைத்து வினிகர் ஊற்றித் தருவார்கள். ஃப்ளீஸ் பப்பில் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட ஹாட்பாட், தொட்டுக்கொள்ளச் சிவப்பு முட்டைக்கோஸ் ஊறுகாய். அந்த ஹாட்பாட்டுக்காகவே ஃப்ளீஸோடு தோற்கப் போனவர்கள் உண்டு. 1979 பனியில் பஸ் ஓடாமல் போனபோது வீவர்ஸ்காரர்கள் ஏழு பேரும் மேட்டுக்காட்டு வழியாக நாலு மைல் நடந்தே போனார்கள். போய்ப் பார்த்தால் பப் பூட்டியிருந்தது. கதவைத் தட்டிக் கடைக்காரரை எழுப்பி, ஆடி, ஏழுக்கு ஏழும் தோற்று, நடந்தே திரும்பி வந்தார்கள். கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு கிளிஃப் விடிய விடிய சிரித்தார். 

தோற்பதில் வீவர்ஸுக்கு நல்ல பயிற்சி. பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட லீக் ஷீல்டை வாங்கியதில்லை. ஜெயிக்கிற அணியின் ஏழு பெயரையும் ஷீல்டில் சின்ன வெள்ளித் தகடுகளாகப் பொறிப்போம். வருடா வருடம் அதை நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவன் பெயரைப் பொறித்துக்கொண்டு வருவது கிளிஃபின் வேலை. "ஒரு வருஷம் என் பேரையும் நானே தூக்கிட்டுப் போறேனா இல்லையா பாரு," என்பார். ஐம்பத்தைந்து வயதில், ஜூன் மாதம், பஸ் பணிமனையில் டீ குடித்துக்கொண்டே சரிந்தார். ஷீல்டில் அவர் பெயர் இல்லை. அது எனக்கு ஆறவே இல்லை. பெரிய துக்கத்தில் இந்தச் சின்னதா உறுத்தும் என்று கேட்டால், ஆமாம், இதுதான் உறுத்தியது.

ஆள் வராத ஆட்டத்துக்கு ரூல் இருபத்திரண்டு. எதிராளி முதல் அடியை அடித்து, முக்கோணமாக அடுக்கியிருக்கும் பந்துகளை உடைத்துவிட்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அடிக்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆக, அந்த சீசன் முழுவதும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், ஏழாவது ஆட்டத்துக்குக் கிளிஃபின் பெயரைக் கூப்பிட, ஒரு எதிராளி எழுந்து வந்து பந்துகளை உடைத்துவிட்டுப் போனான். நான் போட்டிகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். ரெஜ் தபால் போடுகிற சாக்கில் வந்து சொல்லுவான். ரெயில்வேக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு அடித்தானாம். ஒரு கிழவன், "கிளிஃப் உயிரோட இருந்தப்பகூட இதவிட நல்லா ஆடினது இல்லயே," என்றானாம். அதைச் சொல்லிவிட்டு ரெஜ் என் முகத்தைப் பார்த்தான். நான் சிரித்தேன். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஆட்டச் சீட்டுகள் என் வீட்டுக்கு வந்துவிடும். அவற்றைப் பார்த்து ஒவ்வொருவருடைய கணக்கையும் அடிக்க வேண்டும். எண்பத்து நாலு பேர், அகரவரிசை கிடையாது, வென்ற எண்ணிக்கைப்படி. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். கிளிஃப் ஹார்கிரீவ்ஸ், ஆடியது ஆறு, வென்றது சுழி. அடுத்த வாரம் ஆடியது ஏழு. அதற்கடுத்து எட்டு. அந்த ஒரு வரிக்காகவே நான் புதன்கிழமைக்குக் காத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தோற்றுக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, ஏறுகிற வரைக்கும் எனக்குப் போதும்.

நவம்பரில் ஒருவன் வீவர்ஸுக்கு வந்து அணியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். புதிதாக ஊருக்கு வந்த பிளம்பர், நல்ல கை. ரெஜ் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடம் இல்லப்பா. ஏழு பேரு இருக்காங்க," என்று அனுப்பிவிட்டான். அவன் நேரே ஃப்ளீஸுக்குப் போய்ச் சேர்ந்தான். வீவர்ஸ் அணிக்குள்ளேயே முணுமுணுப்பு. ஆனால் ரெஜ் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வேடிக்கை என்னவென்றால், ஆறு பேரோடு ஆடிய அந்த வருடம்தான் அவர்கள் ஆடினார்கள். எப்படியும் ஒன்று போய்விடும் என்று தெரிந்ததால் மற்ற ஆறில் ஒருவனும் அசட்டையாக இல்லை. கிறிஸ்துமஸில் மூன்றாவது இடம். மார்ச்சில் இரண்டாவது. ஏப்ரல் கடைசிச் செவ்வாய்க்கிழமை வீவர்ஸும் ஃப்ளீஸும் சரிசமம், கடைசிப் போட்டி அந்த இரண்டு பேருக்கும் இடையில், அதுவும் வீவர்ஸிலேயே. ஜெயித்தவர்களுக்கு ஷீல்டு.

ஷீல்டைக் கொடுக்க வேண்டியது செகரட்டரி. போகாமல் தப்ப முடியாது. தலையணை உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே முப்பது பேர், எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். "வாங்க செகரட்டரியம்மா," என்றார்கள். பத்து மாதம் கழித்து அந்த அறையின் வாசனை. பியர், கோல் நுனியில் தேய்க்கிற நீலச் சுண்ணக்கட்டி, ஈரக் கோட்டு. அழுதுவிடுவேனோ என்று பயந்து, ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தேன்.

நோரிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் இப்போது ஃப்ளீஸுக்கு ஆடுகிறான். கிளிஃபின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவன். "ஏழாவது ஆட்டத்துக்கு நானே நிக்கறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன் பெரில். வேற எவனாவது பல்லக் காட்டிக்கிட்டே அடிப்பான்," என்றான். நான் அவன் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

ஏழில் ஒன்று போய்விடும் என்பதால் வீவர்ஸ் மீதி ஆறில் நாலு ஜெயிக்க வேண்டும். முதல் இரண்டு ஜெயித்தார்கள். மூன்றாவதில் அந்தப் பிளம்பர் வந்து ரெஜ் ஒதுக்கிய பாவத்துக்கு ஒரே மூச்சில் எட்டையும் தள்ளிவிட்டுப் போனான். நாலாவது போனது. ஐந்தாவது வந்தது. மூன்றுக்கு இரண்டு. ஆறாவது ஆட்டம் ரெஜ். அப்படி ஒரு ஆட்டம் அவன் ஆடி நான் பார்த்ததில்லை. கடைசியில் கறுப்பு மட்டும் பாக்கி, குழிக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரம். தபால்பெட்டியில் கடிதம் போடுகிறவனுக்கு அது பெரிய காரியமா? குனிந்தான், நிமிர்ந்தான், நெற்றியைத் துடைத்தான், மறுபடி குனிந்தான். கறுப்பு குழியின் உதட்டில் போய் உட்கார்ந்தது. எதிராளி வந்து மிச்சத்தை எல்லாம் தள்ளிவிட்டு அதையும் தள்ளினான். மூன்றுக்கு மூன்று. இனி ஆட ஆள் இல்லை. ரெஜ் கோலைச் சாத்தி வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தான்.

சீட்டு எழுதுகிறவன், "ஏழாவது, கிளிஃப் ஹார்கிரீவ்ஸ், நோரிஸ் ஓக்டன்," என்று கூப்பிட்டான். நோரிஸ் எழுந்தான். மெதுவாகத் தட்டிவிட்டு வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவன் மெதுவாகத் தட்டவில்லை. நின்று, கோலைச் சரிபார்த்து, கிளிஃப் எதிரே நிற்பது மாதிரியே முழுப் பலத்தோடு அடித்தான். பந்துகள் வெடித்துச் சிதறின. ஒரு சிவப்பு விழவில்லை, ஒரு மஞ்சள் விழவில்லை. கறுப்பு மட்டும் விலகி வந்து நடுக் குழிக்குள் போனது. வெள்ளை இரண்டு பக்கம் மோதி, அவசரமே இல்லாமல் உருண்டு, மூலைக் குழியில் விழுந்தது. மேசையின் வயிற்றுக்குள் அவை உருண்டு போகிற சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று.

ரெஜ் உட்கார்ந்தபடியே, "ரூல் பதினாலு," என்றான்.

எல்லாருக்கும் தெரிந்த ரூல்தான். எந்த அடியிலாவது கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து விழுந்தால் அடித்தவனுக்கு ஆட்டம் போச்சு, பேச்சு கிடையாது. பேச்சு கிடையாது என்பதும் புத்தகத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது. பேச்சு ஆரம்பித்தது.

ஃப்ளீஸ் கேப்டன் டெஸ்மண்ட் முன்னால் வந்தான். "இல்லாத ஆளு எப்படிய்யா ஜெயிப்பான்?"

"இல்லாத ஆளா?" ரெஜ் எழுந்துவிட்டான். "இருபத்தியோரு வாரம் அவன் தோத்தான் தோத்தான்னு சீட்டுல எழுதினீங்களே, அப்ப இருந்தானா? தோக்கறதுக்கு இருக்கலாம், ஜெயிக்கறதுக்கு மட்டும் இருக்கக் கூடாதோ?"

  டெஸ்மண்ட் என் பக்கம் திரும்பினான். "செகரட்டரியத்தான் கேக்கணும். அவங்க பப்பு, அவங்க புருஷன், அவங்க அடிச்ச ரூல், அவங்களே தீர்ப்பும் சொல்லட்டும். வேலியே பயிர மேயறத நாங்க நின்னு பாக்கறோம்."

"வாய அடக்கிப் பேசு, டெஸ்மண்ட்," என்றான் நோரிஸ். "பெரில், குடுத்துடு. நான் தோத்துட்டேன். எல்லாரும் பாத்தாங்க."

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனசு என்ன சொன்னது என்பதை மறைக்கப்போவதில்லை. கொடு என்றது. நோரிஸே கொடுக்கச் சொல்கிறான், ரூலில் இருக்கிறது, உனக்கென்ன. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, பேசினால் பேசட்டும். நாளைக்கு நகைக்கடைக்கு நானே தூக்கிக்கொண்டு போவேன். தகட்டில் அந்தப் பெயரைக் கைவிரலால் தடவிப் பார்ப்பேன். ஷீல்டு மடியில்தான் இருந்தது, அதன் கனம் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா அது நினைவுக்கு வர வேண்டும்? 1971, மூன்றாவது ஞாயிறு, கடைசி ரூல். எனக்குத் தோள்பட்டை வலி. ஆள் வரவில்லையென்றால் சும்மா ஆட்டத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே, அதற்கு எதற்கு ஒரு அடி என்று கேட்டேன். கிளிஃப் நடையை நிறுத்திவிட்டு அடுப்போரம் நின்றார். "சும்மா கைல குடுத்தா வாங்கிக்கறவனுக்குக் கூச்சமா இருக்கும், பெரில். பிச்ச மாதிரி. ஒரு அடி அடிச்சிட்டு எடுத்துக்கட்டுமே. அது ஆட்டம் இல்ல, ஒரு மரியாத," என்றார். ரூலை அடித்தேன், காரணத்தை அடிக்கவில்லை. புத்தகத்தில் காரணமெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

எழுந்து நின்றேன். 

"ரூல் பதினாலு ஆட்டத்துக்கானது. நோரிஸ் அடிச்சது ஆட்டம் இல்ல. ஆள் வராத எடத்துல, வாங்கிக்கறவன் கூச்சப்படக் கூடாதுன்னு அடிக்கச் சொன்ன அடி. எழுதினவரு என்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. அதுல வெள்ள விழுந்தாலும் ஒண்ணுதான், மேசையே விழுந்தாலும் ஒண்ணுதான். ஃப்ளீஸ் நாலு, வீவர்ஸ் மூணு."

 நோரிஸ், "எனக்கு வேணாம் பெரில்," என்றான்.

"வேணுமா வேணாமான்னு உன்ன யாரும் கேக்கல. அடிச்சிட்ட, எடுத்துக்க."

ரெஜ் என் முன்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. "கிளிஃப் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பானா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"கிளிஃப் இருந்திருந்தா ஆடியிருப்பாரு, ரெஜ். அவரு செத்துட்டாரு."

பத்து மாதத்தில் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். தவறிட்டாரு, போயிட்டாரு, இப்ப இல்லீங்க. பென்ஷன் ஆபீசில், பால்காரனிடம், கதவைத் தட்டிய காப்பீட்டுக்காரனிடம். இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னதும் யாரோ என் முதுகில் வைத்திருந்த கையை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ரெஜ் போய் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ஷீல்டை டெஸ்மண்டிடம் கொடுத்தேன். யாரும் கை தட்டவில்லை. அவனும் அதைத் தூக்கிக் காட்டவில்லை, பாவம், ஈரக் குடையை வைப்பது மாதிரி நாற்காலியில் சாய்த்து வைத்தான்.

மேசையில் பதினாலு பந்து அப்படியே கிடந்தது. காசு போடுகிற மேசையில் அது ஒரு தொல்லை. கிடப்பதை எல்லாம் குழிக்குள் அனுப்பினால்தான் அடுத்தவர்கள் காசு போட்டு ஆட முடியும். ஒருவரும் அசையவில்லை. கையால் தள்ளிவிட ஐந்து நொடி போதும். நான் போய்ச் சுவரில் சாத்தியிருந்த ஒரு கோலை எடுத்தேன். பதினாறு வருடமாக இந்த லீக்கை நடத்துகிறேன், ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. ஆரம்பத்தில் பெண்கள் கோல் பிடித்தால் மேசைத் துணி கிழியும் என்றார்கள். அப்புறம் யாரும் தடுக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நோரிஸ் குனிந்து, மேசையின் பக்கத்து வாயிலிருந்து வெள்ளைப் பந்தை எடுத்து, சட்டையில் துடைத்து, என் முன்னால் வைத்தான். குனிந்தேன். பதினாலும் யாருக்கும் சொந்தமில்லாமல் பச்சைத் துணியில் கிடந்தன. எதை அடித்தாலும் தப்பில்லை.

முதல் அடி எதன் மேலும் படவில்லை. இரண்டாவது அடியில் கோல் வழுக்கியது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கோல அவ்வளவு இறுக்கிப் பிடிக்காத," என்றான் ரெஜ். திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

"எவ்வளவு?"

"விட்டுடற அளவுக்கு."

விரல்களைத் தளர்த்தினேன். அடித்தேன். வெள்ளை போய் ஒரு சிவப்பை லேசாகத் தொட்டது, அந்தச் சிவப்பு தயங்கித் தயங்கி மூலையை நோக்கி உருளத் தொடங்கியது. முப்பது பேரும் தலையைச் சாய்த்து அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.